லண்டனுக்கு முதன்முறை செல்வோருக்கு: ஒரே சாலையில் அருங்காட்சியகம், பூங்கா, இசையரங்கம்

லண்டனுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் போடும் பட்டியல் பெரும்பாலும் காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பகலில் கிரீனிச் வானாய்வகம், மாலையில் கியூ தாவரவியல் பூங்கா என்ற வகையில் இருக்கும். மூன்றும் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் ஒன்று நகரின் நடுவிலும், மற்றொன்று தென்கிழக்கிலும், மூன்றாவது தென்மேற்கிலும் இருப்பதால், அந்த நாளின் பெரும்பகுதி சுரங்க ரயிலிலும் நடைமேடைகளிலும் கழிந்துவிடும். அதனால் இடங்களின் புகழை ஒதுக்கிவைத்துவிட்டு, வரைபடத்தை விரித்து, நடந்தே போகக்கூடிய ஒரு வட்டாரத்தை ஒரு நாளுக்கு எடுத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், என் தேர்வு தெற்கு கென்சிங்டன் பகுதியில் உள்ள எக்ஸிபிஷன் ரோடு.

இந்தச் சாலையில் இத்தனை நிறுவனங்கள் நெருங்கி நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1851-இல் ஹைட் பார்க்கில் கண்ணாடியாலும் இரும்பாலும் கட்டப்பட்ட மாளிகையில் மாபெரும் பொருட்காட்சி ஒன்று நடந்தது. விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் முன்நின்று நடத்திய அக்காட்சியை ஏறத்தாழ 60 லட்சம் பேர் பார்த்தார்கள். செலவு போக 1,86,000 பவுண்டு மிஞ்சியது. அந்தப் பணத்தைக் கொண்டு பூங்காவுக்குத் தெற்கே நிலம் வாங்கி, கலைக்கும் அறிவியலுக்கும் கல்விக்கும் ஒதுக்கினார்கள். இன்று நாம் பார்க்கப் போகும் அருங்காட்சியகங்கள் அந்த நிலத்தில் எழுந்தவை.

படி 1: கிழமையையும் பருவத்தையும் முடிவு செய்யுங்கள்

முடிந்தால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான அருங்காட்சியகங்கள் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்குள் மூடிவிடும் நிலையில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பல கூடங்கள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு 10 மணி வரை திறந்திருக்கும். டிசம்பர் 24 முதல் 26 வரை அனைத்தும் மூடப்பட்டிருக்கும் என்பதால் அந்த நாள்களில் இத்திட்டத்தைப் போட வேண்டாம்.

பருவத்தைக் கவனிப்பது அதைவிட முக்கியம். லண்டனில் ஜூன் மாதம் சூரியன் மறைய இரவு 9 மணி தாண்டும். டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். எக்ஸிபிஷன் ரோட்டுக்கு வடக்கே உள்ள கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவின் கதவுகளை அந்தி சாயும் வேளையில் பூட்டிவிடுவார்கள். எனவே கோடையில் பூங்காவைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் காலையில் ஓர் அருங்காட்சியகம், நண்பகலில் பூங்கா, இருட்டிய பிறகு இன்னோர் அருங்காட்சியகம் என்று வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

படி 2: சீட்டும் பயணமும்

இங்குள்ள இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா ஆல்பர்ட் ஆகிய மூன்று அருங்காட்சியகங்களிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லை. தனிக் கண்காட்சிகளுக்கும், அறிவியல் அருங்காட்சியகத்தில் குழந்தைகள் தாமே சோதனை செய்து பார்க்கும் கூடத்துக்கும் மட்டும் கட்டணம் உண்டு. இலவசம்தானே என்று அப்படியே போய் நின்றுவிடாமல், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் இணையத்தில் நேரம் குறித்த இலவச நுழைவுச்சீட்டைப் பதிவு செய்துகொள்ளுங்கள்; பள்ளி விடுமுறைக் காலங்களில் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

சுரங்க ரயிலில் டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், பிக்காடில்லி ஆகிய மூன்று தடங்களும் சவுத் கென்சிங்டன் நிலையத்தில் நிற்கும். தனியாகப் பயணச்சீட்டு வாங்கத் தேவையில்லை. தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள வங்கி அட்டையே போதும். ஒரு நாளில் எத்தனை முறை பயணம் செய்தாலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்கு மேல் கட்டணம் பிடிக்கப்படாது. ஆனால் ஏறும்போது தொட்ட அதே அட்டையை இறங்கும்போதும் தொட வேண்டும். ஏறும்போது அட்டையையும் இறங்கும்போது கைப்பேசியையும் தொட்டால், கணக்கு இரண்டாகப் பிரிந்து கூடுதல் கட்டணம் பிடித்துவிடும். பெரியவருடன் வரும் 11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சுரங்க ரயிலில் கட்டணம் கிடையாது.

நிலையத்திலிருந்து அருங்காட்சியகங்களை நோக்கி ஒரு நடைச் சுரங்கப்பாதை செல்கிறது. 1885-இல் திறக்கப்பட்ட அப்பாதையில் நடந்தால் மழையில் நனையாமல் எக்ஸிபிஷன் ரோட்டை அடையலாம்.

படி 3: காலையில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்

திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். 1881-இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் நடுக்கூடத்தில் 25 மீட்டருக்கும் சற்று அதிக நீளமுள்ள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, வாயைத் திறந்தபடி பாய்ந்து வருவதுபோலத் தொங்குகிறது. 1891-இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் அது. எல்லோரும் கீழிருந்து படம் எடுத்துக்கொண்டு டைனோசர் கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். நீங்கள் படிக்கட்டில் ஏறி மாடத்தில் நின்று பாருங்கள்; விலா எலும்புகளின் அமைப்பும் முதுகெலும்பின் வளைவும் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும்.

இங்கே கட்டடமே ஒரு காட்சிப்பொருள் என்பதையும் கவனிக்க வேண்டும். கட்டடக் கலைஞர் ஆல்பிரட் வாட்டர்ஹவுஸ் உள்ளும் புறமும் சுட்ட களிமண் ஓடுகளால் அதை மூடியிருக்கிறார். அந்த ஓடுகளில் குரங்கு, ஓநாய், மீன், பறவை எனப் பல உயிரினங்கள் புடைத்து நிற்கின்றன. மேற்குப் பகுதியில் இன்று வாழும் உயிரினங்களும் கிழக்குப் பகுதியில் அழிந்துபோனவையும் வரும்படி, அன்று இயற்கை வரலாற்றுச் சேகரிப்பின் பொறுப்பிலிருந்த ரிச்சர்ட் ஓவன் வற்புறுத்தினார். டைனோசர் கூடத்தின் வரிசை நீளமாக இருந்தால், அந்த நேரத்தில் தூண்களையும் வளைவுகளையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இங்கே செலவிட வேண்டாம் என்பது என் பரிந்துரை. அதற்குப் பிறகு கால்களும் கவனமும் ஒருசேரத் தளர்ந்துவிடுகின்றன.

சிறு குழந்தைகள் உடன் இருந்தால் அடுத்து அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். மற்றவர்கள் அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 4: விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்

சாலையைக் கடந்தால் எதிர்ப்புறம் இருப்பது இது. மண்பாண்டம், துணி, நகை, சிற்பம், அறைகலன் எனக் கைவினையின் எல்லாக் கிளைகளும் இங்கே உண்டு என்பதால், வழியில் வருவதையெல்லாம் பார்ப்பது என்று புறப்பட்டால் எதையும் பார்த்ததாக இராது. முந்தைய நாள் இரவே அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் உங்களுக்குப் பிடித்த ஐந்தாறு பொருள்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் அது தற்போது காட்சியில் இருக்கிறதா, எந்த அறையில் இருக்கிறது என்ற விவரம் இருக்கும். கூடங்கள் புதுப்பிக்கப்படும்போது பொருள்கள் இடம் மாறுவதால், பழைய பயணக் குறிப்புகளில் உள்ள அறை எண்ணை நம்ப வேண்டாம்.

தமிழ் வாசகர்கள் முதலில் தேட வேண்டியது திப்பு சுல்தானின் புலி. மைசூரில் மரத்தால் செய்யப்பட்ட இந்தப் புலி, மல்லாந்து கிடக்கும் ஓர் ஐரோப்பியனின் கழுத்தைக் கவ்வியிருக்கிறது. புலியின் வயிற்றுக்குள் துருத்திகளும் குழாய்களும் உண்டு. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுழற்றினால் அந்த மனிதனின் கை மேலும் கீழும் அசையும். அவன் ஓலமிடுவது போன்ற ஒலியும் புலியின் உறுமலும் மாறிமாறி எழும். உடலின் ஒரு பக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளே வாசிக்கக்கூடிய சிறு கட்டைகளும் இருக்கின்றன. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டு லண்டனுக்கு வந்த இதைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் காட்சிக்கூடத்தில் வைத்தபோது, பார்வையாளர்கள் தாங்களே கைப்பிடியைச் சுழற்றி உறும வைத்தார்கள். இன்று அதற்கு அனுமதி இல்லை.

அடுத்து, புகழ்பெற்ற சிற்பங்களின் அச்செடுத்த பிரதிகளை வைத்திருக்கும் வார்ப்புக் கூடங்கள். ரோம் நகரின் டிராஜன் தூணைச் சாந்து வார்ப்பில் அப்படியே பிரதி எடுத்திருக்கிறார்கள். கூரைக்குள் அடங்காத உயரம் என்பதால் இரண்டு துண்டுகளாக நிறுத்தியிருக்கிறார்கள். களைத்தால் நடு முற்றத்தில் உள்ள நீர்த்தடாகத்தின் கரையில் அமரலாம். வெயில் நாள்களில் குழந்தைகள் அதில் இறங்கி விளையாடுவார்கள்.

படி 5: பூங்காவுக்குள் நடை

எக்ஸிபிஷன் ரோட்டிலேயே வடக்கு நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் பூங்காவின் தென்விளிம்பு வந்துவிடும். அங்கே இடப்புறம் திரும்பி, 1872-இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் நினைவுச் சின்னத்துக்குப் போங்கள். பொன்முலாம் பூசிய ஆல்பர்ட் தன் கையில் வைத்திருப்பது, காலையிலிருந்து நாம் பார்த்த அனைத்துக்கும் மூலமான 1851 பொருட்காட்சியின் பட்டியல் நூல். நான்கு மூலைகளிலும் நான்கு கண்டங்களைக் குறிக்கும் சிற்பத் தொகுதிகள் உள்ளன. ஆசியாவுக்கு யானை, ஆப்பிரிக்காவுக்கு ஒட்டகம். பேரரசு தன்னை எப்படிக் கண்டது என்பதை இந்த நான்கு மூலைகள் வெளிப்படையாகவே சொல்கின்றன.

அங்கிருந்து வடகிழக்காக நடந்தால் 1730-களில் உருவான செயற்கை ஏரியான செர்பென்டைன் வரும். அதன் பாலத்தைக் கடந்தால் ஹைட் பார்க். ஞாயிற்றுக்கிழமை என்றால் வடகிழக்கு மூலையில் உள்ள பேச்சாளர் முனை வரை போகலாம். யார் வேண்டுமானாலும் ஒரு பெட்டியின் மீதேறி உரையாற்ற, கூட்டம் குறுக்குக் கேள்வி கேட்கும் வழக்கம் இன்றும் அங்கே தொடர்கிறது. மற்றக் கிழமைகளில் அது வெறும் நடைபாதைதான்.

படி 6: இரவில் ஆல்பர்ட் ஹால்

நினைவுச் சின்னத்துக்கு நேர் எதிரே உள்ள நீள்வட்ட வடிவ அரங்கம் 1871-இல் திறக்கப்பட்டது. ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை இங்கே பிபிசியின் ப்ராம்ஸ் இசைவிழா நடக்கும். 1895-இல் வேறோர் அரங்கில் தொடங்கிய இவ்விழா, போரில் அந்த அரங்கம் குண்டுவீச்சுக்கு இரையானதால் 1941-இல் இங்கே இடம் மாறியது. இருக்கைகள் விற்றுத் தீர்ந்திருந்தாலும் கவலை வேண்டாம். நின்றபடி கேட்பவர்களுக்கான மலிவுச் சீட்டுகள் கச்சேரி நாளன்றே விற்பனைக்கு வரும். அரங்கத் தரையில் நிற்பவர்கள் மேடைக்கு மிக அருகில் இருப்பார்கள். உச்சி மாடத்துக்குச் சீட்டு வாங்கினால் சற்று நடமாட இடம் கிடைக்கும். பகல் முழுதும் நடந்த கால்களோடு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதால், ப்ராம்ஸ் திட்டம் உள்ள நாளில் படி 5-இல் ஏரியோடு நிறுத்திக்கொண்டு திரும்பிவிடுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் தெற்கே பத்துப் பன்னிரண்டு நிமிட நடையில் காலையில் இறங்கிய அதே சவுத் கென்சிங்டன் நிலையத்திலேயே ரயில் ஏறலாம்.