வாழ்நாள் ஆசைப் பட்டியலும் பென்சில் குறிப்பும்

என் பெரியம்மா தமது 46ஆம் வயதில், ஆழ்வார்கள் பாடிய 108 திருமால் தலங்களான திவ்ய தேசங்களையும் சேவித்துவிட வேண்டும் என்று ஒரு நோட்டில் எல்லாத் தலங்களின் பெயர்களையும் வரிசையாக எழுதினார். அவற்றில் திருப்பாற்கடலும் பரமபதமும் இந்த மண்ணில் இல்லாதவை. ஆகவே நேரில் சென்று சேவிக்கக்கூடியவை 106. இருபது ஆண்டுகளில் அவர் 91 தலங்களைச் சேவித்தார். நோயும் கடனும் பிள்ளைகளின் திருமணங்களும் வந்துபோன அந்த இருபது ஆண்டுகளில் இந்த ஆசை மட்டும் எப்படி அணையாமல் இருந்தது என்பதைப் பின்னாளில் அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் அறிந்துகொண்டேன். ஒவ்வொரு தலத்தின் பெயருக்கு எதிரிலும் எந்த மாதம் போவது, யாருடன் போவது, எவ்வளவு செலவாகும், அதற்காக இந்த வாரம் செய்ய வேண்டியது என்ன என்று பென்சிலில் குறித்திருந்தார். சேவித்து வந்த பிறகு தேதியைப் பேனாவால் எழுதியிருந்தார். பக்கெட் லிஸ்ட் என்று இன்று நாம் சொல்லும் வாழ்நாள் ஆசைப் பட்டியலை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்தப் பென்சில் குறிப்பைத்தான். ஆசையை எழுதியதும் வரும் உற்சாகம் சில நாள்களில் வடிந்துவிடும். அதன் பிறகு நம்மை நடத்திச் செல்வது அடுத்து என்ன செய்வது என்ற தெளிவு மட்டுமே.

பட்டியல் எழுத ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, தாளில் கையால் எழுதுங்கள். முதலில், இதுவரை நீங்கள் ஆசைப்பட்டுச் செய்து முடித்தவற்றில் ஐந்தாறை எழுதி, அவற்றுக்கு எதிரில் முடிந்துவிட்டது என்று குறியிடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. நூன்ஸ், டிரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கார் கழுவும் நிலையம் ஒன்றின் வாடிக்கையாளர்களுக்கு இரண்டு வகை அட்டைகள் தரப்பட்டன. ஒரு வகையில் எட்டு முத்திரைகள் சேர்ந்தால் ஒரு முறை இலவசம். மற்றதில் பத்து முத்திரைகள் தேவை, ஆனால் இரண்டு முன்னதாகவே குத்தப்பட்டிருந்தன. இருவருக்கும் மீதி வேலை எட்டு முத்திரைதான் என்றாலும், முதல் வகையினரில் 19 சதவீதம் பேர் அட்டையை நிறைவு செய்ய, இரண்டாம் வகையினரில் 34 சதவீதம் பேர் நிறைவு செய்தனர். ஏற்கெனவே தொடங்கிவிட்டோம் என்ற உணர்வுக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது. பெரியம்மா இந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் அவர் தொடங்கிய இடம் காஞ்சிபுரத்து உலகளந்த பெருமாள் கோயில். அந்த ஒரே கோயிலுக்குள் திருஊரகம், திருநீரகம், திருக்காரகம், திருக்கார்வானம் என்று நான்கு திவ்ய தேசங்கள் இருப்பதால், முதல் பயணத்தின் முதல் மணி நேரத்திலேயே நான்கு பெயர்களுக்கு எதிரில் பேனா ஏறிவிட்டது. உங்கள் பட்டியலிலும் இந்த மாதத்துக்குள் முடியக்கூடிய மூன்று நான்கு ஆசைகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது சலித்தெடுக்கும் வேலை. இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்துவேன், ஏனெனில் என் முதல் பட்டியல் இதைச் செய்யாமல் விட்டதால்தான் வீணாயிற்று. அடுத்த முறை நான் 40 ஆசைகள் எழுதினேன். ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றையும் பார்த்து, இதைப் புகைப்படம் எடுக்கவும் முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது என்றால் அப்போதும் இதைச் செய்வேனா என்று கேட்டுக்கொண்டபோது, 17 ஆசைகள் உதிர்ந்தன. பாராகிளைடிங் உதிர்ந்தது, பாரிஸ் உதிர்ந்தது. பாட்டி ஊரின் வாய்க்கால் கரையில் ஒரு நாள் முழுக்க நடக்கும் ஆசை மட்டும் உதிராமல் நிலைத்தது. பிறருடைய ஆசைகளை நமது தாளில் எழுதிவைத்தால், அவற்றுக்காக உழைக்க மனம் வராது. அப்படி வராததை நாம் நமது சோம்பல் என்று தவறாக எண்ணி, பட்டியல் முழுவதையுமே மூடிவைத்துவிடுவோம். மீதம் 20 ஆசைகள் நின்றாலே போதும்.

இனி ஒவ்வொரு வரிக்கும் பென்சில் குறிப்பு எழுத வேண்டும். முதலில் காலம். சில ஆசைகள் நமக்காகக் காத்திருப்பதில்லை. மூணாறு, கொடைக்கானல் மலைகளில் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. 2018இல் பூத்தது, அடுத்து 2030இல் பூக்க வேண்டும். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களே, அதுவும் வனத்துறை அனுமதியோடு, ஏற முடியும். இத்தகைய ஆசைக்கு எதிரில் போகும் மாதத்தை எழுதுவதைவிட, அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மாதத்தை எழுதுவதே பயன் தரும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கிலோமீட்டர் மலை ரயிலில் போக விரும்புகிறவருக்கும் முதல் வேலை பயணமன்று, முன்பதிவுதான். அடுத்து பணம். அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 500 ரூபாய் போட்டால் ஐந்தாண்டில் 30,000 ரூபாயும் வட்டியும் சேரும். ஒரு பெரிய பயணத்துக்கு ஒரு தனிக் கணக்கு என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு மாதமும் பணம் கட்டும் நாளில் அந்த ஆசை நினைவில் புதுப்பிக்கப்படும்.

பயணங்களைவிடக் கற்றல் ஆசைகளுக்கே இந்தக் குறிப்பு அதிகம் தேவைப்படுகிறது. திருக்குறள் முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்று ஒருவர் எழுதுகிறார் என்று கொள்வோம். 1,330 குறள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். வாரம் ஓர் அதிகாரம் என்று பிரித்தால், 133 வாரங்களில், அதாவது இரண்டரை ஆண்டுக்குச் சற்று மேல், முடிந்துவிடும். வாரத்தில் ஐந்து நாள் இரண்டிரண்டு குறள்; மீதி இரண்டு நாள் பழையவற்றைத் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் முடியும்போது ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அதுவே கொண்டாடத் தக்க ஓர் எல்லை. இதோடு, எப்போது என்பதையும் எழுதிவிடுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: செய்வேன் என்று மட்டும் உறுதி கொள்கிறவரைவிட, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர் அதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு அதிகம். "தினமும் குறள் படிப்பேன்" என்பதற்குப் பதிலாக "காலைக் காப்பி குடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் இரண்டு குறள்" என்று எழுதுங்கள்.

பட்டியலைக் கண்ணில் படும் இடத்தில், அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கலாம். எல்லோரிடமும் அறிவிக்க வேண்டாம். நமது குறிக்கோளைப் பிறர் அறிந்துகொண்டதுமே பாதி அடைந்துவிட்டது போன்ற நிறைவு வந்து உழைப்பு குறையக்கூடும் என்பதையும் கோல்விட்சரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் எழுதியிருக்கிறார்கள். உடன் வரப்போகிறவர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

மனம் சோர்ந்த நாளில் பெரிய ஆசைகளின் பக்கம் போகாமல், பட்டியலிலேயே மிகச் சிறிய பென்சில் குறிப்பைத் தேடி, அன்றே அதைச் செய்துவிடுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பாகவோ, ரயில் நேரம் பார்ப்பதாகவோ அது இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துவதற்குப் போகி நாளைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை. பழையன கழிக்கும் அந்த நாளில், ஆசை தீர்ந்துபோனவற்றைக் குற்ற உணர்வின்றி அடித்துவிடுங்கள். ஆசை இருந்தும் உடலோ சூழலோ இடம் தராதவற்றை அடிப்பதற்கு முன், அந்த ஆசையின் உள்ளே இருப்பதை வேறு எந்த வழியில் அடையலாம் என்று யோசியுங்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி முற்றியபோது, நேபாளத்தில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் முக்திநாத், அதாவது சாளக்கிராமம், இனி இல்லை என்று ஆயிற்று. அவர் அந்த வரியின் பென்சில் குறிப்பை அழித்துவிட்டு, திருமங்கையாழ்வார் அந்தத் தலத்தின் மேல் பாடிய பத்துப் பாசுரங்களையும் நெட்டுருச் செய்வது என்றும், அதற்கு எதிரில் "வாரம் ஒன்று, விளக்கேற்றியதும்" என்றும் எழுதியிருக்கிறார். அதன் கீழே, பத்தாம் பாசுரம் மனத்தில் நின்ற நாளின் தேதி பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது.