ஈக்வடார் பயணமா? கிலோமீட்டரை விடுங்கள், உயரத்தைப் பாருங்கள்

வரைபடத்தில் ஈக்வடார் சின்ன நாடுதான். அதற்குள்ளேயே ஆண்டிஸ் மலை, அமேசான் காடு, பசிபிக் கடற்கரை, கலாபகஸ் தீவுகள் எல்லாம் இருப்பதால், தூரத்தை மட்டும் பார்த்து நாளுக்கு ஓர் ஊர் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். அங்கே உங்களைச் சோர்வாக்குவது தூரம் இல்லை, உயரம். அதனால் எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்று பார்த்து நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 15 நாள் வேண்டும்.

தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வந்த மறுநாளே கேபிள் காரில் பிச்சிஞ்சா மலைக்கு, அதாவது ஏறக்குறைய 4,000 மீட்டருக்குப் போனால் தலைவலியோடு அறையில் படுக்க வேண்டிவரும். முதலில் மிண்டோவுக்கு இறங்கிவிடுங்கள் என்பேன். பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம், உயரம் 1,250 மீட்டர் அளவுதான், சுற்றிலும் மேகம் தவழும் காடு. அங்கே தோட்டங்களில் ஹம்மிங்பேர்டுகளுக்காகச் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பக்கத்தில் அசையாமல் நின்றால் காதை உரசுகிற மாதிரி 'விர்'ரென்று ஒரு சத்தம், திரும்புவதற்குள் பச்சையாக ஏதோ ஒன்று மின்னிவிட்டுப் போயிருக்கும். இரண்டு நாள் தாராளமாகக் கொடுங்கள்.

அப்புறம் கீட்டோ. 1978இல் யுனெஸ்கோ உலக மரபிடங்கள் என்று முதன்முதலில் அறிவித்த பட்டியலிலேயே இந்த நகரம் உண்டு, கலாபகஸும் உண்டு. பழைய நகரத்தில் லா கொம்பானியா தேவாலயத்துக்குள் கட்டாயம் போங்கள், உள்ளே திரும்பிய பக்கமெல்லாம் தங்கத் தகடு. நிலநடுக்கோட்டு நினைவுச்சின்னத்துக்கு அரைநாள் போதும். உண்மையான கோடு அங்கிருந்து 240 மீட்டர் போல வடக்கே போகிறது, ஆனாலும் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை.

உடம்பு உயரத்துக்குப் பழகியபின் தெற்கே கிலோட்டோவா. எரிமலை வாய்க்குள் பச்சை நிற ஏரி. விளிம்பே 3,900 மீட்டர் அளவு என்பதால், கீழே இறங்குவது சுலபம், ஏறி வரும்போது பத்தடிக்கு ஒரு தடவை நிற்க வேண்டியிருக்கும், அவசரப்படாதீர்கள். அங்கிருந்து பான்யோஸ் என்ற ஊருக்குப் போய், சைக்கிள் வாடகைக்கு எடுத்து அருவிகள் வரிசையாக விழும் சாலையில் பைலோன் தெல் தியாப்லோ அருவி வரைக்கும் போங்கள். போகும்போது பெரும்பாலும் இறக்கம்தான், திரும்பும்போது சைக்கிளோடு உங்களையும் ஏற்றிக்கொள்ள லாரிகள் இருக்கும்.

அமேசானுக்கு டேனா என்ற ஊர்ப் பக்கம் வசதி, கீட்டோவிலிருந்து தரைவழியாகவே போகலாம். நாப்போ ஆற்றங்கரையில் ஒரு காட்டு விடுதியில் மூன்று இரவு தங்கினால்தான் வழிகாட்டியோடு இரவிலும் நடக்க நேரம் கிடைக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் காட்டுக்குள் போவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பும் வழியில் பாப்பயாக்டா வெந்நீர் ஊற்றில் ஒரு இரவு தங்கலாம். அந்த மலைச்சாலை மழை பெய்தால் மண்சரிவில் அடைபட்டுப்போகும், அதனால் கலாபகஸ் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விடுங்கள், இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

கலாபகஸைக் கடைசியில் வையுங்கள், ஐந்து நாளாவது. கரையிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர், கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர், அதை ரொக்கமாகவே வைத்திருங்கள். விமானம் ஏறுமுன் தனியாகப் பயண அட்டை வாங்க வேண்டும், பழம், விதை இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள். தீவுகளைக் கப்பலிலேயே சுற்றும் பயணத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். தீவிலுள்ள புவெர்ட்டோ அயோரா என்ற ஊரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் படகில் போய் வருவது எவ்வளவோ மலிவு. தீவுக்குத் தீவு போகும் வேகப்படகு இரண்டு மணி நேரம் தூக்கித் தூக்கிப் போடும், குமட்டல் மாத்திரையை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். புவெர்ட்டோ அயோரா மீன் கடையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மீன் வெட்டுகிற பெண்ணின் காலடியில் கடற்சிங்கம் ஒன்று நாய் மாதிரி அண்ணாந்து காத்திருக்கும், சுற்றிலும் கூழைக்கடாக்கள் தள்ளுமுள்ளு செய்யும். என்ன ஆசையாக இருந்தாலும் இரண்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும், அது விதி.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் மழை குறைவு, பசிபிக் கரையில் உள்ள புவெர்ட்டோ லோபெஸ் ஊர்க் கடலில் திமிங்கிலமும் வரும், ஆனால் கலாபகஸ் தண்ணீர் குளிரும். நீந்துவதுதான் முக்கியம் என்றால் ஜனவரியிலிருந்து மே. திமிங்கிலம் பார்க்கப் போகாதவர்கள் அந்தக் கடற்கரையை விட்டுவிடலாம், கலாபகஸிலேயே கடல் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. துறைமுக நகரங்களான குவாயாகில், எஸ்மெரால்டாஸ் பக்கம் கும்பல் வன்முறை அதிகம், 2024 ஜனவரியில் அரசு நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. குவாயாகிலில் விமானம் மட்டும் மாறிக்கொள்ளுங்கள். புறப்படுமுன் விசாவையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2000லிருந்து அங்கே அமெரிக்க டாலர்தான் பணம். ஆனால் பஸ்ஸிலும் சின்னச் சாப்பாட்டுக் கடையிலும் 100 டாலர் தாளை நீட்டினால் வாங்க மாட்டார்கள், ஒன்று, ஐந்து, பத்தாக மாற்றி வையுங்கள். அப்புறம், கலாபகஸில் ஸ்கூபா டைவிங் போனால் அதற்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் முழுசாக ஒரு நாள் விடுங்கள்.