எஸ்எஸ்டி வாங்கும் முன் லேப்டாப்பின் முதுகைத் திறந்து பாருங்கள்

திருவல்லிக்கேணியில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். முகூர்த்த மாதங்களில் டிஸ்க் நிரம்பி வழியும். அதனாலேயே தெரிந்தவர்களுக்கெல்லாம் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பு டிரைவ்) மாட்டிக் கொடுக்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. எல்லோரும் முதலில் கேட்பது, "எது அண்ணா ஃபாஸ்ட்?" அதற்கு முன்னால், உங்கள் லேப்டாப்பில் எந்த ஸ்லாட் இருக்கிறது?

எம்.2 என்பது லேப்டாப்பில் செருகும் பட்டை போன்ற எஸ்எஸ்டியின் வடிவத்துக்குப் பெயர்தான். டேட்டா போய்வரும் முறை இரண்டு, பழைய சாட்டா, வேகமான என்விஎம்இ; அதே வடிவத்தில் இரண்டும் வரும். சாட்டா தலைகீழாக நின்றாலும் நொடிக்கு 550 மெகாபைட் பக்கம்தான். என்விஎம்இயில் மூன்றாம் தலைமுறை சுமார் 3500, நான்காம் தலைமுறை 7000 வரை போகும். சாட்டா மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகினால் கம்ப்யூட்டருக்கு அது இருப்பதே தெரியாது. நீளத்தையும் பாருங்கள்: 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். சில சின்ன மாடல்களில் 2242 அல்லது 2230தான் உட்காரும்.

மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்காம் தலைமுறை டிரைவ் வேலை செய்யும், ஆனால் பழைய வேகத்தில்தான். நான்காம் தலைமுறைக்குக் கொடுக்கும் கூடுதல் காசை டிஎல்சி வகைக்குப் போடுங்கள் என்பது என் கட்சி. டிஎல்சியில் ஒரு செல்லுக்கு (டேட்டா தங்கும் குட்டி அறை) மூன்று பிட், கியூஎல்சியில் நான்கு. இரண்டுமே எழுத வரும் டேட்டாவை முதலில் ஒரு வேகமான பகுதியில் வாங்கிக்கொள்ளும். பெட்டியில் அச்சடித்திருப்பது அந்த வேகம். அந்தப் பகுதி நிரம்பியதும், மலிவான கியூஎல்சி சிலது பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்குக் கூடப் படுத்துவிடும். வேர்டும் பிரவுசரும் மட்டும் போதும் என்பவருக்கு இது உறைக்காது. ஒரே மூச்சில் 300 ஜிபி வீடியோவை இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து கொட்டுகிறவருக்கு உறைக்கும்.

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நாலு கடை ஏறி விலை கேளுங்கள். "பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம் சார்" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் ஏற வேண்டும், அது பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், வாரண்ட்டி இந்தியாவில் செல்ல வேண்டும். அந்த வாரண்ட்டியும் ஆண்டுக் கணக்கு, டிரைவில் மொத்தம் எழுதும் டேட்டாவின் அளவு இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவரைதான்.

மாட்டுவது சுலபம். முதலில் பேக்கப். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இருந்தால் அதைத் திறக்கும் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டியைச் சற்றுச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்தி, அந்தக் குட்டி ஸ்க்ரூவைப் போடுங்கள். அது கீழே விழுந்தால் அரை மணி நேரம் தரையில் தேட வேண்டும், அதனால் காந்த முனை ஸ்க்ரூடிரைவர் நல்லது. மேலே ஒட்டியிருக்கும் லேபிளைச் சூடு குறையும் என்று உரிக்காதீர்கள், வாரண்ட்டி போய்விடலாம். நம்ம ஊர் மே மாதத்தில் டிரைவ் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இடம் இருந்தால் மெல்லிய ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) போடுங்கள்.

இரண்டாவது டிரைவாகப் போட்டால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஜிபிடி (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறை) என்று தேர்ந்தெடுத்து ஃபார்மேட் செய்யும்வரை அது கண்ணில் படாது. அப்புறம் 1 டிபிக்கு 931 ஜிபி காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கணக்கு முறை வேறு. ஒரே ஸ்லாட் என்றால் புதியதை யூஎஸ்பி கேஸில் போட்டு குளோன்ஸில்லா என்ற இலவச மென்பொருளில் நகலெடுத்து, பிறகு இடம் மாற்றுங்கள். புதிதாக விண்டோஸ் போடும்போது, சில இன்டெல் லேப்டாப்புகளில் (11ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்குப் பிந்தியவையும் உள்ளவை) டிரைவே தெரியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரை பென் டிரைவில் எடுத்து வைத்து, இன்ஸ்டாலில் ‘லோட் டிரைவர்’ கொடுங்கள்.

எல்லாம் ஓடியதும் டிரைவின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள்: புது டிரைவில் ஓடிய மணி நேரம் ஆயிரக்கணக்கில் இருந்தால், பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குக் கிளம்புங்கள்.