ஓர் அரசாணையை வைத்துத் தமிழ்நாடு அரசு நிர்வாகத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

ஆளுநர், முதலமைச்சர், தலைமைச் செயலாளர், கலெக்டர், தாசில்தார் என்று பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், எந்த வேலை யார் மேசையில் முடியும் என்பதுதான் குழப்புகிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை ஒரு படமாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதைவிட எளிய வழி, ஓர் அரசாணையைத் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்ப்பது.

தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் துறைவாரியாக அரசாணைகள் கிடைக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் ‘வாலாயம்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் அன்றாட விஷயம், விட்டுவிடுங்கள். ‘நிலை’ என்று இருப்பதை இறக்கிக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் புதிதாக ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்க அனுமதி தரும் ஆணை என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

படி 1: முதலில் கையெழுத்தைப் பாருங்கள்

ஆணை முடியும் இடத்தில் ‘(ஆளுநரின் ஆணைப்படி)’ என்று இருக்கும். அதன் கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் ஆளுநர் இல்லை, அமைச்சரும் இல்லை, துறைச் செயலாளர்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு மாநிலத்தின் நிர்வாக அதிகாரத்தை ஆளுநரிடம் கொடுக்கிறது. 166-ஆம் பிரிவின்படி எல்லா நடவடிக்கையும் அவர் பெயரில்தான் வெளிவர வேண்டும். ஆனால் 163-ஆம் பிரிவு, அவருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதலமைச்சர் தலைமையில் ஓர் அமைச்சரவையை வைக்கிறது. அந்த ‘ஆலோசனை’தான் உண்மையான முடிவு. ஆளுநருக்கென்று சொந்த விருப்புரிமை உள்ள இடங்கள் மிகக் குறைவு. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனையில் இருந்த பேரறிவாளனை விடுவிக்க அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரை செய்தது. அது ஆண்டுக்கணக்கில் கிடப்பில் இருந்தது. கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே அவரை விடுவித்தது. தண்டனைக் குறைப்பில் அமைச்சரவையின் முடிவு ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்றும் அப்போது அது சொன்னது.

அமைச்சர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. 2003-இல் வந்த 91-ஆவது திருத்தத்தின்படி, சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் சட்டமன்றத்தில் 234 பேர், அதனால் முதலமைச்சரையும் சேர்த்து 35. உறுப்பினராக இல்லாதவரும் அமைச்சராகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும்.

படி 2: மேலே உள்ள துறைப் பெயர்

முதல் பக்கத்தில் ‘சுருக்கம்’ என்ற பகுதியும், ‘மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை’ என்ற பெயரும் இருக்கும். இது தலைமைச் செயலகத் துறை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் அதே வளாகத்தில் உள்ள நாமக்கல் கவிஞர் மாளிகையிலும் இப்படிப்பட்ட துறைகள் இயங்குகின்றன.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு செயலாளர், பொதுவாக ஐ.ஏ.எஸ். அதிகாரி. சிலருக்குக் கூடுதல் தலைமைச் செயலாளர் என்றும் சிலருக்கு முதன்மைச் செயலாளர் என்றும் பதவிப் பெயர் இருக்கும். அது அவரவர் பணி மூப்பைக் காட்டுவது, நாற்காலியின் வேலை ஒன்றுதான். அவருக்குக் கீழே கூடுதல், இணை, துணை, சார்புச் செயலாளர்கள், பிரிவு அலுவலர், உதவிப் பிரிவு அலுவலர். கோப்பு கீழிருந்துதான் கிளம்பும். உதவிப் பிரிவு அலுவலர் எழுதும் முதல் குறிப்புக்கு வெளியே தெரியாத செல்வாக்கு உண்டு என்பது என் கணிப்பு. மேலே உள்ளவர்கள் பலரும் அந்தக் குறிப்பின் மேல்தான் எழுதுகிறார்கள். எல்லாத் துறைகளையும் ஒருங்கிணைப்பவர் தலைமைச் செயலாளர்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. துறையும் அமைச்சரின் இலாகாவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டியதில்லை. ‘உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை’ தலைமைச் செயலகத்தில் ஒரே துறை. ஆனால் காவல்துறையை வழக்கமாக முதலமைச்சரே வைத்துக்கொள்வார், மதுவிலக்கு வேறோர் அமைச்சரிடம் இருக்கும். டாஸ்மாக் ஒரு துறையே இல்லை. 1983-இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது, இந்தத் துறையின் கட்டுப்பாட்டில் வருகிறது.

படி 3: ‘படிக்கப்பட்டவை’

துறைப் பெயருக்குக் கீழே இந்தத் தலைப்பில் சில கடிதங்களின் எண்ணும் தேதியும் இருக்கும். நம் உதாரணத்தில் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்து இயக்குநரின் கடிதம் அங்கே இருக்கும். இவர் கோட்டையில் உட்காருபவர் இல்லை, அலுவலகம் தேனாம்பேட்டையில். இவரைப் போன்றவர்களைத் ‘துறைத் தலைவர்’ என்பார்கள்.

கொள்கை முடிவு, விதி, பணம் ஒதுக்குவது, பணியிடம் உருவாக்குவது எல்லாம் தலைமைச் செயலகம். அதைக் களத்தில் நடத்துவது துறைத் தலைவரின் இயக்ககம் அல்லது ஆணையரகம். வருவாய்த் துறைக்குச் சேப்பாக்கம் எழிலகத்தில் வருவாய் நிர்வாக ஆணையர், ஊரக வளர்ச்சிக்குச் சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இயக்குநர், காவல்துறைக்கு டி.ஜி.பி. துறைத் தலைவர் கருத்துரு, அதாவது முன்மொழிவு, அனுப்புவார், செயலகம் ஆணையாகத் திருப்பி அனுப்பும். தெருவில் உள்ள பிரச்சினைக்கு நேராகச் செயலாளருக்கு மனு போட்டால், அது அவர் வழியாகத் துறைத் தலைவருக்கும், அவர் வழியாக மாவட்டத்துக்கும் இறங்கி வரவே நாளாகும்.

படி 4: நிதித்துறை வரி

ஆணையின் முடிவுக்குப் பக்கத்தில், ‘நிதித்துறையின் அ.சா. எண் இத்தனை, இந்தத் தேதியில் பெற்ற இசைவுடன்’ என்பது போல ஒரு வரி வரும். அ.சா. என்றால் அலுவல் சாரா குறிப்பு, துறைகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்வது. துறை அமைச்சர் ஒத்துக்கொண்டாலும், செலவு வருகிற விஷயத்தில் நிதித்துறை தலையாட்ட வேண்டும். அறிவிப்பு வந்து ஆணை வராமல் இருந்தால் கோப்பு எங்கே நிற்கிறது என்று ஊகிக்க இந்த ஒரு வரி போதும்.

படி 5: ‘பெறுநர்’ பட்டியல்

கடைசியில் யார் யாருக்குப் பிரதி போகிறது என்ற பட்டியல். இயக்குநர், மாவட்ட ஆட்சியர், மாவட்டக் கருவூல அலுவலர், மாநிலக் கணக்காயர் என்று போகும். இதில் கணக்காயர் மட்டும் மாநில அரசின் ஆள் இல்லை, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கீழ் வருபவர்.

மாநிலத்தில் 38 மாவட்டங்கள். கடைசியாக 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. மாவட்டத்தில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் அதிகாரி உண்டு: பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர், காவலுக்கு எஸ்.பி. இவர்கள் தங்கள் துறைத் தலைவருக்கும் பதில் சொல்ல வேண்டும், ஆட்சியர் கூட்டும் ஆய்வுக் கூட்டத்திலும் பதில் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எல்லா மனுவும் ஆட்சியர் கையில் போய்ச் சேர்வது இதனால்தான்.

ஆட்சியரின் சொந்த வரிசை வருவாய்த் துறை. மேலிருந்து: மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.), வட்டாட்சியர் எனும் தாசில்தார், துணை வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் எனும் வி.ஏ.ஓ., கிராம உதவியாளர். கோட்டாட்சியர் ஐ.ஏ.எஸ். ஆக இருந்தால் சார் ஆட்சியர் என்பார்கள். ‘ஆர்.டி.ஓ. ஆபீஸ்’ என்று ஊரில் சொன்னால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், லைசென்ஸ் எடுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும் அப்படித்தான் சொல்கிறார்கள். வி.ஏ.ஓ. பதவி பழையது மாதிரி தோன்றும். ஆனால் பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகுதான் தேர்வு எழுதி வரும் வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள்.

இந்த வரிசையில் எந்தச் சான்று எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். வாரிசுச் சான்று தாசில்தாரோடு முடியும். பழங்குடியினருக்கான சாதிச் சான்று மட்டும் கோட்டாட்சியரிடம் போகும். பட்டா மாறுதலில் தாசில்தாரின் முடிவு சரியில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அப்புறம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. 1983-ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டம் வகுத்த வழி இது.

படி 6: உங்கள் விஷயத்தை வைத்துப் பாருங்கள்

வீட்டு முன்னால் சாலை பள்ளமாகிவிட்டது, யாரிடம் போவது? முதலில் அது யார் சாலை என்று பாருங்கள். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை எல்லாம் நெடுஞ்சாலைத் துறைக்கு, மாவட்டத்தில் கோட்டப் பொறியாளர். ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சித் தலைவரும், ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் எனும் பி.டி.ஓ.வும். ஒன்றியத்தில் பி.டி.ஓ.க்கள் இரண்டு பேர்: கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர், வட்டார ஊராட்சிக்கு ஒருவர். உங்களுக்கு வேண்டியவர் முதலாமவர். நகரத்தில் இருந்தால் நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். தாசில்தார் ஆபீஸ் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே கொடுத்தால் பலன் இருக்காது.

சாலை யாருடையது என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். தவறான அலுவலகத்துக்கே போட்டிருந்தாலும், அதைச் சரியான அலுவலகத்துக்கு ஐந்து நாளுக்குள் மாற்றி அனுப்பி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 6(3) பிரிவு. அந்த மாற்றல் கடிதத்தில் உள்ள ‘பெறுநர்’ முகவரிக்கே உங்கள் அடுத்த மனுவை எழுதலாம்.