இறால் தொட்டியில் ஆடை படிந்தால்

காய்ச்சிய பால் ஆறினால் மேலே ஆடை படியும். செர்ரி இறால் என்னும் சிறிய அலங்கார நன்னீர் இறாலை வளர்க்கும் சின்னத் தொட்டியிலும் சில நாள் காலையில் அப்படி ஒன்று தெரியும். விளக்கைப் போட்டதும் மேற்பரப்பு மங்கலாக இருக்கும். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மழைநாளில் பெட்ரோல் சிந்திய சாலை போல நிறம் காட்டும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறிப்போய், கடையில் ஏதாவது மருந்து வாங்கி ஊற்றிவிடுவார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். படலம் அப்படியே இருந்தது, இறால்கள்தான் போய்விட்டன. மீன்களுக்கான மருந்துகள் பலவற்றில் தாமிரம் உண்டு. மீன் தாங்கும் அளவை இறால் தாங்காது.

எனவே மருந்து வேண்டாம். டிஷ்யூ பேப்பர், ஒரு டம்ளர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏர் பம்ப் ஆகியவை போதும்.

உணவிலிருந்தும் அழுகும் இலைகளிலிருந்தும் வரும் கொழுப்பும் புரதமும் மேலே வந்து தங்குகின்றன. அவற்றைத் தின்னப் பாக்டீரியாக்கள் கூடுகின்றன. தண்ணீர் அசையாத இடமாகப் பார்த்து இந்தக் கூட்டம் படலமாகிவிடுகிறது. மெல்லியதாக இருந்தால் கெடுதல் இல்லை. இறால்களே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அதைச் சுரண்டித் தின்னும். பார்க்க அழகாகவே இருக்கும். படலம் தடித்தால்தான் தொல்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் தண்ணீரில் கலப்பது குறைகிறது. நம் கோடைக்கு இது இன்னும் மோசம். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடிகளும் அதில் பங்கு கேட்கும். விடியற்காலையில் இறால்கள் மொத்தமாக மேலே வந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் படி: எந்தப் படலம் என்று பாருங்கள்

ஒரு பல்குச்சியால் மேற்பரப்பைக் கீறுங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து, துண்டுகள் தனித்தனியே மிதந்தால் அது பாக்டீரியாப் படலம். கீறிய இடம் உடனே கூடி மூடிக்கொண்டால் எண்ணெய். வெள்ளைத் தூள் போல இருந்து, தொட்டியின் விளிம்பிலும் உப்புக் கோடு தெரிந்தால் அது கடினநீரின் சுண்ணாம்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் சகஜம். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பினால் சுண்ணாம்பு மேலும் சேராது.

இரண்டாம் படி: படலத்தை எடுங்கள்

ஏர் பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். கலைந்த படலம் மீண்டும் கூட வேண்டும். மேலே இறால் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மணமில்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரின்மேல் படுக்கவிடுங்கள். இரண்டு மூன்று நொடி கழித்து ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தெடுங்கள். புதுத் தாளோடு இரண்டு மூன்று முறை செய்தால் மேற்பரப்பு தெளிந்துவிடும். தாளைக் கசக்கி எறிவதற்குமுன் விளக்கில் காட்டிப் பாருங்கள். இறால் குஞ்சு இரண்டு மில்லிமீட்டர்தான், எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

செடி அடர்ந்து தாள் நுழையாத இடத்தில் டம்ளரை நிமிர்த்திப் பிடித்து, விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே போகும்வரை அழுத்துங்கள். படலம் தானாக உள்ளே வழியும். அதை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் குஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். கை வைக்கும்முன் சோப்பு, கிரீம், தேங்காய் எண்ணெய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிக்கொள்வது முக்கியம். பம்பை மறுபடி போட மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

மூன்றாம் படி: தண்ணீரை அசையவிடுங்கள்

எடுத்த படலம் திரும்பாமல் இருப்பது இந்தப் படியில்தான் இருக்கிறது. ஏர் பம்பின் காற்றால் ஓடும் பஞ்சு வடிகட்டியான ஸ்பாஞ்ச் ஃபில்டரின் மேல்குழாயை உயர்த்தி, அதன் வாய் பாதி நீருக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி வையுங்கள். அப்போது தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து மேற்பரப்பு முழுவதையும் மெல்லத் தள்ளும். உலை கொதிப்பது போல வேண்டாம். மேற்பரப்பில் விளக்கின் பிம்பம் நடுங்கினால் போதும். மிதக்கும் செடிகள் மூலை முடுக்கெல்லாம் மூடியிருந்தால் பாதியை அள்ளிவிடுங்கள். அவற்றின் இடுக்குகளில் படலம் பத்திரமாகத் தங்கும். படலத்தை உறிஞ்சும் ஸ்கிம்மர் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. குஞ்சு உள்ள தொட்டிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

பம்ப் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்தால் காற்றுக்குழாயில், தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். இல்லையென்றால் மின்வெட்டு நேரத்தில் தண்ணீர் பம்ப் வழியே தரைக்கு வந்துவிடும்.

நான்காம் படி: படலம் வருகிற வழியை அடைத்துவிடுங்கள்

பெரும்பாலும் குற்றவாளி நம் கைதான். இருபது லிட்டர் தொட்டியில் இருபது இறாலுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை சிறு துணுக்கு உணவு போதும். இரண்டு மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளுக்கென்று விற்கும் தூள் உணவு படலத்துக்கு முதல் விருந்து. நுனிவிரலில் ஒட்டும் அளவுக்குமேல் போடாதீர்கள். குஞ்சுகள் மரக்கட்டையிலும் இலையிலும் படிந்த வழவழப்பைத் தின்றே வளரும். அதைத் தேய்த்துக் கழுவாதீர்கள். நாட்டு வாதாம் இலை போட்டிருந்தால், நரம்பு மட்டும் மிஞ்சியதும் எடுத்துவிடலாம்.

அடுத்தது சமையலறை. வடை சுடும் அடுப்புக்குப் பக்கத்தில் தொட்டி இருந்தால் எண்ணெய்ப் புகை நேராகத் தண்ணீரில் இறங்கும். ஒரு மூடி போடுங்கள், அல்லது தொட்டியை மாற்றுங்கள். கொசு மருந்து இதைவிடக் கொடியது. அதிலுள்ள பைரித்ராய்டு வகை நஞ்சு இறாலைக் கொல்லும்; ஏர் பம்ப் அறைக்காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து, மூன்றாம் நாளும் படலம் தடிப்பாகத் திரும்பினால் உள்ளே ஏதோ செத்துக் கிடக்கலாம். கற்களைத் தூக்கிப் பாருங்கள். இறால் உரித்த வெற்றுத் தோல் கண்ணாடி போல இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். செத்த இறால் இளஞ்சிவப்பாக மங்கியிருக்கும். என் தொட்டியில் ஒரு முறை, ஃபில்டருக்குப் பின்னால் பெரிய ஆப்பிள் நத்தை ஒன்று கிடந்தது. எடுத்த நொடியில் வீடு முழுவதும் நாறியது.