ஒட்டிப் பிறந்த அஞ்சல் தலைகள்: ஆரம்ப கால ஜோடிகளைப் படித்தறியும் முறை

மதிப்போ படமோ எழுத்தோ மாறுபட்ட இரண்டு அஞ்சல் தலைகள் ஒரே துண்டாக இணைந்திருப்பதைப் புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் பார்த்தால், பிரித்து ஆல்பத்தில் தனித்தனியே வைக்கலாம் என்றே முதலில் நினைப்பார். தயவுசெய்து பிரிக்காதீர்கள். இத்தகைய ஜோடிகளைச் சேகரிப்பாளர்கள் செ-டெனன்ட் என்ற பிரெஞ்சுப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். அவை எதற்காகச் சேர்த்து அச்சிடப்பட்டன என்பதற்கான சான்று அந்த இணைப்பில்தான் இருக்கிறது. ஆரம்ப கால ஜோடி ஒன்றைக் கையில் எடுத்து அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

படி 1: எது கணக்கில் வரும் என்று தெளிவுபடுத்துங்கள்

1840-இல் பிரிட்டனில் வெளியான, உலகின் முதல் அஞ்சல் தலையான பென்னி பிளாக்கின் தாளில் 240 தலைகள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழ் மூலைகளிலும் வெவ்வேறு எழுத்துச் சேர்க்கை உண்டு. அந்த வகையில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துத் தலைகள் எல்லாமே மாறுபட்டவைதாம். ஆனால் அவை கள்ளத்தனத்தைத் தடுக்க இட்ட எழுத்துகள் என்பதால் யாரும் அவற்றை இந்த வகையில் சேர்ப்பதில்லை. அதேபோல், ஒரே தலை தலைகீழாகத் திரும்பி இணைந்திருந்தால் அது டெட்-பெஷ் என்னும் வேறு வகை. நமக்கு வேண்டியது, அச்சிட்ட செய்தியே மாறுபடும் ஜோடி.

படி 2: ஜெனீவாவிலிருந்து தொடங்குங்கள்

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா கன்டோன் (மாநிலம்) 1843 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட 'இரட்டை ஜெனீவா'வின் படத்தையாவது ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மஞ்சள் கலந்த பச்சைத் தாளில் கருப்பு மையில், பாதிக் கழுகும் சாவியும் கொண்ட நகரச் சின்னத்துடன், 5 சென்டீம் மதிப்புள்ள இரண்டு தலைகள் அருகருகே நிற்கும். அவற்றின் தலைக்கு மேல் ஒரே பட்டை இரண்டையும் தழுவி ஓடும். கன்டோன் முழுவதற்குமான கட்டணம் 10 சென்டீம் என்று அந்தப் பட்டை சொல்லும். உள்ளூர்க் கடிதத்துக்கு ஒரு பாதி, வெளியூருக்கு முழு ஜோடி என்பதே ஏற்பாடு. துளை வரிசை கிடையாது, கத்தரியால்தான் வெட்ட வேண்டும். வெட்டினால் பட்டையிலுள்ள சொற்றொடர் இரண்டாக உடைந்து, இடப்பாதியில் ஒரு துண்டும் வலப்பாதியில் மறு துண்டும் நிற்கும். இரண்டு தலைகளும் ஏறக்குறைய ஒரே வடிவம் என்பதால் இதைச் சேர்க்கலாமா என்று வாதிடுபவர்கள் உண்டு. சேர்க்க வேண்டும் என்பதே என் முடிவு, ஏனெனில் பட்டை இல்லாமல் அந்த ஜோடியின் பொருள் நிறைவு பெறுவதில்லை.

படி 3: தவறா, வசதியா என்று கேளுங்கள்

பழைய ஜோடிகள் பல, அச்சகத்தில் நேர்ந்த பிழைகள். இன்றைய தென்னாப்பிரிக்காவிலுள்ள நன்னம்பிக்கை முனையில் 1861-இல் தலைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கேப் டவுனிலேயே சால் சாலமன் நிறுவனம் முக்கோணத் தலைகளை அச்சிட்டது. நான்கு பென்னிக்கு நீலம், ஒரு பென்னிக்குச் சிவப்பு. அச்சுக்கட்டைகளை அடுக்கியபோது ஒன்று மற்றொன்றின் அச்சுத் தகட்டில் புகுந்துவிட்டதால், நீல வரிசையில் ஒரு பென்னியும் சிவப்பு வரிசையில் நான்கு பென்னியும் தலைகாட்டின.

அமெரிக்காவில் 1917-இல் நடந்தது இன்னும் நுணுக்கமானது. 7942 என்ற எண் கொண்ட 2 சென்ட் தகட்டில் மூன்று இடங்கள் சரியில்லை என்று அழித்து மீண்டும் பதித்தபோது, 2 சென்ட் உருவைப் பதிக்கும் உருளைக்குப் பதிலாக 5 சென்ட் உருளை பயன்பட்டுவிட்டது. விளைவாக, சிவப்பு 2 சென்ட் தலைகளின் நடுவே அதே சிவப்பில் 5 சென்ட் தலைகள் அமர்ந்தன. தனியாகப் பிரித்த 5 சென்ட் வெறும் நிறப்பிழையாகத் தோன்றும். சுற்றியுள்ள 2 சென்ட் தலைகளோடு சேர்ந்திருக்கும்போதுதான் தகட்டில் நடந்தது கண்ணுக்குத் தெரியும்.

வசதிக்காகச் செய்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. ஜம்முவின் 1867-ஆம் ஆண்டுத் தகட்டில் நான்கே தலைகள். மூன்று அரையணா, ஒன்று ஓரணா. சிறிய சமஸ்தானத்துக்கு மதிப்புக்கொரு தகடு தேவைப்படவில்லை.

படி 4: ஒட்டியிருப்பது தலையா, சீட்டா என்று பாருங்கள்

பெல்ஜியம் 1893 முதல் தலையின் அடியில் 'ஞாயிறன்று பட்டுவாடா செய்ய வேண்டாம்' என்று பிரெஞ்சிலும் டச்சிலும் எழுதிய சிறு சீட்டை இணைத்தது. ஞாயிறன்றும் கடிதம் சேரட்டும் என்று நினைப்பவர் சீட்டைக் கிழித்துவிட்டு ஒட்டலாம். பிரிட்டனில் தலைகளைச் சிறு புத்தகமாகத் தொகுத்து விற்ற 1906-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஒரு பக்கத்தில் ஐந்து அரை பென்னித் தலைகளும் ஆறாவது இடத்தில் பெருக்கல் குறி போன்ற சிலுவை அச்சிட்ட வெற்றுச் சீட்டும் இருந்தன. 12 ஒரு பென்னித் தலைகளும் 23 அரை பென்னித் தலைகளும் சேர்ந்து 23½ பென்னி. விலை சரியாக இரண்டு ஷில்லிங், அதாவது 24 பென்னி. மீதி அரை பென்னி கையேட்டின் செலவுக்கு.

படி 5: கையில் வைத்துப் பழகத் தென்னாப்பிரிக்க ஜோடியை வாங்குங்கள்

தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆங்கிலமும் டச்சும் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளாக இருந்த நிலையில், 1923-இல் அதன் ஆட்சியில் இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்காகத் (இன்றைய நமீபியா) தென்னாப்பிரிக்கத் தலைகளின் மேல் நாட்டுப்பெயரை ஒன்றில் ஆங்கிலத்திலும் அடுத்ததில் டச்சிலுமாக மாற்றி மாற்றி அச்சிட்டார்கள். 1925-இல் டச்சிலிருந்து பிறந்த ஆப்பிரிகான்ஸ் ஆட்சிமொழி ஏற்பைப் பெற்றது. 1926-இல் தென்னாப்பிரிக்காவே வெளியிட்ட அரை பென்னி மான், ஒரு பென்னிக் கப்பல், ஆறு பென்னி ஆரஞ்சு மரம் ஆகிய மூன்றிலும் ஆங்கிலமும் ஆப்பிரிகான்ஸும் தாள் முழுவதும் அடுத்தடுத்து வந்தன. அதே ஆண்டின் நான்கு பென்னி முக்கோணம் மட்டும் மொழிக்கொரு தாளாகத் தனித்தனியே வெளிவந்தது.

ஒரு பென்னி ஜோடியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் கப்பலை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பாருங்கள். ஆப்பிரிகான்ஸ் பெயர் 'சுயிட்அஃப்ரிகா' என்று ஒரே சொல்லாக இருந்தால் அது பழைய அச்சு. நடுவில் இணைப்புக்கோடு வந்திருந்தால் 1930-களில் நேர்ந்த மாற்றத்துக்குப் பிந்தையது. இரு மொழியினரும் தபால் நிலையத்தில் ஒரே தாளிலிருந்து தலை வாங்கினார்கள் என்பதை அந்த நடுத் துளை வரிசை காட்டுகிறது.

தொடர்ந்து 1942-இல் வந்த போர்க்காலச் சிறு தலைகளையும் தேடுங்கள். காகிதத்தை மிச்சப்படுத்த அளவைக் குறைத்து, சில மதிப்புகளை இரண்டிரண்டாகவும் சிலவற்றை மும்மூன்றாகவும் தொகுத்தார்கள். தொகுதியைச் சுற்றி வட்டத் துளைகள் இருக்கும். தொகுதிக்குள் காகிதத்தை எடுக்காமல் வெறும் கீறல்கள் மட்டுமே இருக்கும். துளைக்கும் கீறலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்க இதுவே போதும்.

படி 6: இணைப்பைக் காப்பாற்றுங்கள்

உறையிலிருந்து எடுக்க நீரில் ஊறவைத்தால் நடுத் துளை வரிசைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். எனவே இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காமல், தட்டையான பிளாஸ்டிக் துண்டை அடியில் செலுத்தி முழுமையாக ஏந்துங்கள். ஜம்முவின் தொடக்கத் தலைகள் நீர்வண்ணத்தில் அச்சானவை என்பதால் அவற்றை நீரின் அருகே கொண்டுபோகவே கூடாது. ஜோடியை நடுவில் மடித்து வைக்காதீர்கள், இணைப்பின் பின்புறம் ஒட்டுத்தாளும் இடாதீர்கள். ஜோடியின் முழு அகலத்துக்கும் வெட்டிய ஒளிபுகும் உறையில் இட்டு, அடியில் ஆண்டு, மொழி வரிசை, துளையா கீறலா என்பது ஆகிய மூன்றையும் பென்சிலால் எழுதிவிட்டு அடுத்த ஜோடியை எடுங்கள்.