சம்பளம் பத்தாத வீட்டில் கடன் அடைக்கும் கணக்கு

பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். பெரம்பூரில் எங்கள் தெருவில் யாருக்காவது வங்கி நோட்டீஸ் வந்தால் அது முதலில் என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். கொண்டுவருகிறவர்களிடம் ஒன்று கேட்பேன்: இந்த மாதம் முதல் பணம் யாருக்குப் போனது? பெரும்பாலும் ஒரே பதில்தான். அதிகம் சத்தம் போட்டவனுக்குப் போயிருக்கும். சத்தமே போடாமல் மாதம் மூன்றரை வட்டி ஏற்றிக்கொண்டிருக்கிற கிரெடிட் கார்டு வரிசையில் கடைசியில் நிற்கும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்று ஆலோசனை அமைப்புகள் உண்டு. கடன் வாங்கியவர் மாதம் ஒரே தொகையை அங்கே கட்டுவார். அவர்கள் கடன் கொடுத்தவர்களோடு பேசி, வட்டியைக் குறைக்கச் சொல்லி, பணத்தைப் பிரித்து அனுப்புவார்கள். நம்மூரில் வங்கிகள் நடத்தும் நிதி எழுத்தறிவு மையங்களில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். ஆனால் திட்டம் போடுவதும், கடிதம் எழுதுவதும், மாதாமாதம் பிரித்துக் கட்டுவதும் நம் தலையில்தான். முடியாத காரியமில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் தம்பியின் கணக்கையே சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, கைக்கு 38,000 ரூபாய். மனைவி வீட்டில் தையல் தைத்து 9,000. மொத்தம் 47,000. இருவரையும் சேர்த்து உட்காரவைத்துத்தான் பேசினேன். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் வாங்கிய கடன் எப்போதும் ஒன்று இருக்கும். இங்கே அது தண்டல், தினம் வசூலிக்கும் தனியார் கடன்.

முதலில் கடனைத் தொடவே கூடாது. வாடகை 11,000, மளிகை பால் கேஸ் 11,500, பிள்ளையின் பள்ளிக்கும் வேனுக்கும் 4,500, பெட்ரோல் 3,000, கரண்ட் 1,000, மாமியாரின் சர்க்கரை மாத்திரை 900, போன் 600. கூட்டினால் 32,500. மீதி 14,500. அதில் 1,500 ரூபாயை அவசரத்துக்கென்று ஒதுக்கினோம். இந்த ஒதுக்கீடு இல்லாத திட்டம் முதல் காய்ச்சலிலேயே படுத்துவிடும். ஆக, கடனுக்கென்று கையில் இருப்பது 13,000.

இப்போது எதிர்ப்பக்கம். ஒரு கார்டில் 92,000, இன்னொன்றில் 48,000. குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம் என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்து 7,000. தனிநபர் கடனில் 1,60,000 பாக்கி, வட்டி 16 சதவீதம், தவணை 6,900. தண்டல் இருபதாயிரம், கைக்கு வந்தது 17,000, தினம் 200 வீதம் நூறு நாள், அதாவது மாதம் 6,000. மொத்தக் கேட்பு 19,900. இருப்பதோ 13,000. மாதம் 6,900 பள்ளம். அதை நிரப்பத்தான் இத்தனை நாளும் கார்டையே தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொரு கடனுக்கும் எதிரே வட்டியை எழுதச் சொன்னேன். 1,40,000 ரூபாய் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 4,900. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இன்னொரு 882. மாதம் 5,782 ரூபாய் வெறும் வட்டியாகவே போகிறது. கட்டுகிற 7,000 ரூபாயில் அசலில் குறைவது 1,218 மட்டும். முழுத் தொகையும் கட்டாதவரை, புதிதாகத் தேய்க்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும் என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் எழுந்து போய் பீரோவைத் திறந்து வளையல்களையும் செயினையும் கொண்டுவந்து தாளின் மேல் வைத்தார். எனக்குச் சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

நகையை வங்கியில் 9.5 சதவீதத்துக்கு அடகு வைத்து 1,40,000 வாங்கி, இரண்டு கார்டையும் முழுதாகக் கட்டினார்கள். அதே பாக்கிக்கு இப்போது மாத வட்டி சுமார் 1,108 ரூபாய். அடகு வைக்க மனம் வராதவர்கள் உண்டு. 'பெண்ணின் நகை' என்பார்கள். நகை பீரோவில் தூங்க, வீட்டுக்காரி தூக்கமில்லாமல் இருப்பதில் எனக்கு எந்தப் பெருமையும் தெரியவில்லை. ஒரே நிபந்தனை: காலியான கார்டை மறுபடி எடுக்கக் கூடாது. எடுத்தால் நகைக்கடனும் கார்டு கடனும் சேர்ந்து நிற்கும்.

தண்டலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வட்டி விகிதத்தைப் பார்த்தால் கார்டையே தோற்கடிக்கும். ஆனால் வட்டியை முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். முன்கூட்டி அடைத்தாலும் பெரும்பாலும் பைசா குறையாது. பாக்கி நாற்பது நாள். அதை ஓடவிட்டு, அதோடு முடித்து, புதுத் தண்டல் வாங்காமல் இருப்பதுதான் லாபம். அந்த முதல் மாதம் மட்டும் அவசரத்துக்கு ஒதுக்கியதில் ஆயிரம் ரூபாய் எடுக்கவேண்டியிருந்தது. அது முடிந்ததும் 6,900 தனிநபர் கடனுக்கு, 6,100 நகைக்கடனுக்கு. இந்த வேகத்தில் நகை இருபத்தாறு மாதத்திலும் தனிநபர் கடன் இருபத்தெட்டிலும் தீரும். நடுவில் வருகிற தீபாவளி போனஸ் நகைக்கடனுக்கு. ஆடித் தள்ளுபடியின்போது தி.நகர் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கேட்பார்களா என்று பார்க்கவேண்டும்.

எல்லா வீட்டிலும் நகை இருக்காது. அப்போது பேச்சுவார்த்தைதான். இங்கே நேரம் முக்கியம். தவணை தவறி தொண்ணூறு நாள் தாண்டினால் அது வாராக்கடன். அதற்கு முன்பே, முடிந்தால் முதல் தவணை தவறுவதற்கு முன்பே, கடிதம் போய்ச் சேரவேண்டும். போனில் பேசியது கணக்கில் வராது. மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் கண்ணீர் வேண்டாம். நான் வேலையில் இருந்தபோது நான்கு பக்கம் கஷ்டத்தை எழுதி ஒரு தொகையும் குறிப்பிடாத கடிதங்கள் மேசையில் குவியும். அவற்றை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒரு பக்கம் போதும். கடன் எண், வருமானம் குறைந்த காரணம் ஒரு வரி, மேலே போட்டது போன்ற வரவு செலவு, அதற்கான சம்பளச் சீட்டு. பிறகு கேட்பது: கார்டு பாக்கி என்றால் உபயோகத்தை நிறுத்திக்கொள்கிறேன், குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றுங்கள், தனிநபர் கடன் என்றால் தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறையுங்கள், இதுவரை போட்ட அபராதக் கட்டணத்தைத் தள்ளுங்கள். கடைசியில் 'ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி இன்ன தொகை கட்டுகிறேன்' என்று எழுதி, பதில் வருவதற்கு முன்பே அந்தத் தேதியில் அந்தத் தொகையைக் கட்டிவிடுங்கள். கட்டமுடியாத தொகையை ரோஷத்துக்காக எழுதிவிடாதீர்கள். தவணைத் தேதி சம்பளத் தேதிக்கு முன்னால் விழுந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்; பணமில்லாமல் தானியங்கிப் பற்று திரும்பினால் இரண்டு பக்கமும் கட்டணம் பிடிப்பார்கள், வழக்குக்கும் அது இடம் கொடுக்கும்.

தள்ளிப்போடக் கூடாதவை அடமானக் கடன்கள். வீட்டுக்கடன் வாராக்கடனானால் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கைப்பற்ற வழி இருக்கிறது. கார்டுக்காரன் எவ்வளவு கத்தினாலும் அப்படி வரமுடியாது.

கத்துகிறவர்களுக்கும் விதி உண்டு. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது; மிரட்டுவதும், உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் சொல்லி அவமானப்படுத்துவதும் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. வாசலுக்கு வந்தால் அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கேளுங்கள். பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கில் கட்டுங்கள். மீறினால் தேதி, நேரம், எண் எழுதி வங்கிக்குப் புகார்; முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது. வழி கேட்க 14448. தண்டல், மீட்டர் வட்டிக்காரர்கள் மிரட்டினால் போலீஸ். 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் பெயர் சொல்லியே இருக்கிறது, மூன்று ஆண்டுவரை சிறை.

'தவணையை நிறுத்துங்கள், எங்களுக்குக் கட்டணம் கட்டுங்கள், பாதிப் பணத்தில் முடித்துத் தருகிறோம்' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பாதியில் முடிப்பதை நீங்களே கேட்கலாம். வழக்கு வரை போகும் நிலை என்றால் மக்கள் நீதிமன்றம் நல்ல இடம். நீதிமன்றக் கட்டணம் இல்லை, அங்கே ஒப்புக்கொண்டது இறுதி. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரிக்கலாம். ஆனால் அசலில் தள்ளுபடி வாங்கி முடித்த கடன், உங்கள் கடன் அறிக்கையில் முழுதாக அடைத்த கடனாகத் தெரியாது. சமரசம் என்றே பதிவாகும். அதே வங்கியில் குறைந்தது ஓராண்டுக்குப் புதுக்கடனும் கிடைக்காது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அதுவும் சரிதான். பணம் கட்டுவதற்கு முன் தொகையும் தேதியும் போட்ட கடிதம் கையில் இருக்கவேண்டும்.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. திவால் மனுவைத்தான் அப்படிச் சொல்கிறோம்; சென்னைக்கு அதற்கு 1909ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில்தான் மனு. வக்கீல் செலவு, சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் பொறுப்புக்குப் போவது என்று அது வேறு உலகம். மூன்று லட்சக் கடனுக்கு நான் அந்தப் பக்கம் யாரையும் அனுப்பியதில்லை.

ஒவ்வொரு கடனும் முடிந்த அன்றே நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்; சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரவேண்டும். அடைத்த கடன் இன்னும் பாக்கியாகத் தெரிந்தால் திருத்தக் கேளுங்கள். முப்பது நாளில் சரி செய்யாவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு நூறு ரூபாய் அவர்கள் நமக்குத் தரவேண்டும். அந்த நூறையும் கேட்டு வாங்குங்கள்.